சாதி என்னும் ஒரு சொல்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாது? தீக்கும் வெம்மைக்கும் உள்ள உறவைப் போன்று பிரிக்கவொண்ணாததா? அன்றித் தோளுக்கும் தோள்மேல் இட்ட துண்டுக்கும் உள்ள உறவைப் போன்று, இட்டால் இருப்பதும் எடுத்தால் நீங்குவதுமா? இது புலவர்க்கும் தருக்கிகளுக்கும் உரிய ஆராய்ச்சி, உழைத்துண்ணும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று நம்மவருள் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அங்ஙனம் ஒதுங்குதல் நமக்குத் தகாது. ஒரேயொரு சொல்லைக் கொண்டே நம் முன்னோர் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அச்சொல்லைக் கொண்டே அவர்களுக்குக் கிணறும் கோயிலும் கல்வியும் மறுக்கப்பட்டன. அச்சொல் சாதி என்பது. ஒரு சொல் எவ்வாறு பொருள் பெறுகின்றது, எவ்வாறு அப்பொருளை இழக்கின்றது என்பதை அறிய வேண்டிய கடமை, ஏனையோரினும் நமக்கே மிகுதியாக உண்டு.

ஒரு பௌர்ணமி நாளில், நான்கு வாய்மைகளைக் குறித்து நாம் பேசி முடித்தபின், வயது முதிர்ந்த உபாசிகை ஒருவர் எழுந்து, "ஐயா, சாதி துக்கம் என்று பகவனே சொல்லிவிட்டாரே, அதற்கு மேல் நமக்கு வேறென்ன வேண்டும்?" என்றார். கூடியிருந்தோர் கைதட்டினர். அருகிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "பாட்டி, பாளியில் ஜாதி என்றால் பிறப்பு. நீங்கள் நினைக்கிற சாதி இல்லை" என்று திருத்தினார். கைதட்டல் ஓய்ந்தது, அம்மையாரின் முகமும் வாடியது. இவ்விருவருள் யார் சொன்னது சரி? பகவனின் சொல்லில் நமக்கு வேண்டிய பொருளை நாமே ஏற்றிக்கொள்ளலாமா? ஏற்றக்கூடாதெனின், அம்மையாரின் நெஞ்சு கண்ட உண்மைக்கு இடம் எங்கே? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் சென்ற நாடுகள்

ஜாதி என்பது பாளியிலும் வடமொழியிலும் பிறத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று கிளைத்த சொல். அதன் முதற்பொருள் பிறப்பு என்பதே. பிறப்பினின்று இனம், வகை என்னும் பொருள்கள் விரிந்தன. ஒரே விதை பல நிலங்களில் விழுந்தாற்போல, இச்சொல் பல மொழிகளில் புகுந்து வேறுவேறு விளைவைத் தந்துள்ளது.

தாய்லாந்து நாட்டு மொழியில் இதனைச் 'சாத்' என ஒலிப்பர். அங்கு அதற்குத் தேசம் என்று பொருள். நாட்டுப் பண்ணுக்கும் நாட்டுக் கொடிக்கும் இச்சொல்லே அடையாகின்றது. மறுபிறவியைக் குறிக்குமிடத்தும் அவர்கள் இதனையே வழங்குகின்றனர். கம்போடியரின் கெமர் மொழியிலும் இது தேசத்தைக் குறிக்கும். சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் தேசம் அல்லது இனம். நம்மவர் சாதி என்று சொல்வதனை அவர்கள் 'குலய' என்பர். வங்க மொழியில் 'ஜாதிய' என்றால் தேசியம். வங்கதேசத்து நாடாளுமன்றத்தின் பெயரே 'ஜாதிய சங்சத்' என்பதாம். நமக்கு அண்டை மொழியாகிய தெலுங்கில் காந்தியாரை 'ஜாதிபிதா' என்பர். தமிழர் செவிக்கு அது சாதித் தந்தை என்று படும். தெலுங்கர்க்கோ தேசத் தந்தை. சாதியைக் குறிக்கத் தெலுங்கில் 'குலம்' என்னும் வேறு சொல் இருக்கின்றது.

பர்மிய மொழியில் இதே வேரினின்று வந்த 'ஜாத்' என்னும் சொல் நாடகத்தைக் குறிக்கின்றது. போதிசத்துவரின் பிறப்புக் கதைகளாகிய ஜாதகங்களை ஆடிக் காட்டியமையால், பிறப்பு என்னும் சொல் அங்கே கதையாகிப் பின் கூத்துமாயிற்று. மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் 'செஜாதி' என்றால் உண்மையான, கலப்பற்ற என்று பொருள். மெய்யான நண்பன் ஒருவனை அவர்கள் இச்சொல்லால் சிறப்பிப்பர்.

நம் நாட்டுக்குள்ளும் இச்சொல் ஒரு பொருளில் நின்றதில்லை. தமிழ் இலக்கணத்தில் 'சாதியொருமை' என்றொரு வழக்குண்டு; 'நெல் விளைந்தது' என்னும்போது நெல் என்பது ஒரு மணியைக் குறியாது அவ்வினம் முழுவதையும் குறித்தல் அது. இசையில் தாளத்தின் ஜாதி ஐந்து. திஸ்ரத்துக்கு 3, சதுஸ்ரத்துக்கு 4, கண்டத்துக்கு 5, மிஸ்ரத்துக்கு 7, சங்கீர்ணத்துக்கு 9 என எண்ணிக்கை மட்டுமே அங்கு வேற்றுமை. சாதிமல்லி மணக்கும், சாதிக்காய் மருந்தாகும். நியாய நூலாரோ, வெறும் ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் வாதத்தை மறுக்க முயலும் போலி மறுப்புக்கும் ஜாதி என்றே பெயரிட்டு, அதனை 24 வகையாகப் பகுத்தனர். பயனற்ற வாதத்தின் பெயரும் ஜாதி என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

மேல்நாட்டார் நம் சாதியைக் குறிக்க வழங்கும் 'காஸ்ட்' என்னும் சொல், போர்ச்சுக்கீசியரின் 'காஸ்தா' என்பதினின்று வந்தது. 1498ஆம் ஆண்டுக்குப் பின் இங்கு வந்த போர்ச்சுக்கீசியர், மரபு, இனவகை என்னும் பொருளுடைய தம் நாட்டுச் சொல்லை நம் நாட்டுப் பிரிவினைக்கு இட்டனர். இன்றும் அவர்கள் நாட்டில் திராட்சைக் கொடியின் வகைகளுக்கு அதுவே பெயர். திராட்சைக்குப் பொருந்தும் சொல் மனிதருக்குப் பொருந்துமா என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒலி ஒன்று, வேர் வேறு

இதுகாறும் கூறியவை ஒரே வேரின் கிளைகள். வேரே வேறாயிருந்தும் ஒலியால் ஒன்றாகத் தோன்றும் சொற்களும் உள. நாம் ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த நாட்களில், ஒரே வரிசை இயந்திரங்களில் தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் வடநாட்டாரும் சேர்ந்து நின்றோம். வடநாட்டுத் தோழர் ஒருவர் தம் வீட்டில் 'ஷாதி' என்று முகமலர்ந்து சொன்னார். ஊரிலிருந்து புதிதாய் வந்த நம் தம்பி ஒருவன், "எங்கள் வீட்டிலும் அதுதான் பெருந்தொல்லை" என்று தமிழில் வருந்தினான். அவர் சொன்னது திருமணத்தை. பாரசீகத்தில் மகிழ்ச்சி என்னும் பொருளுடைய சொல் உருது, இந்தி மொழிகளில் திருமணத்துக்கு ஆகிவந்தது. ஒருவர்க்கு மகிழ்ச்சியாய் நின்ற ஒலி மற்றவர்க்குத் தொல்லையாய்க் கேட்டது.

தமிழிலேயே 'சாதி' என்பது ஏவல் வினையாகவும் வரும். 'முயன்று சாதி' என்றால் செய்து முடி என்று பொருள். வடமொழியில் நிறைவேற்றுதலைக் குறிக்கும் வேறொரு வேரினின்று வந்தது அது. அதனையும் எவ்வாறு ஆள்கிறோம் என்பதைப் பொறுத்தே பொருள் மாறுகின்றது. அருஞ்செயல் சாதித்தான் என்றால் புகழ். பகை சாதித்தான் என்றால் பழி.

1907ஆம் ஆண்டில் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர், 1914ஆம் ஆண்டில் மறையும் வரை, ஊரார் வழங்கும் பொருளே ஒரு சொல்லின் முடிந்த பொருள் என்று ஒப்பாது, சொற்களின் உள்ளே புகுந்து தேடினார். நம் சங்கத்தார்க்குச் சொல்லாராய்ச்சி புதிதன்று.

பெயரை நீக்கினால் எஞ்சுவது எது?

இப்பொழுது ஒருவர் நம்மை மறுத்துரைக்கலாம். "நீர் என்றாலும் பானி என்றாலும் தாகம் தீர்கின்றது. சொல் நாட்டுக்கு நாடு மாறுவதால் பொருள் பொய்யாகிவிடுமோ? சாதி என்னும் ஒலிக்குப் பத்துப் பொருள் இருப்பதால், சாதி இல்லையென்று ஆகிவிடுமோ?" என்பர். இது நியாயமான மறுப்பே. சொல்லின் பொருள் பலவாதல் ஒன்றை மட்டும் காட்டும். அச்சொல்லுக்கு எப்பொருளும் இயற்கையாய் ஒட்டியதில்லை, வழக்கே அதனைத் தந்தது என்பதே அது. பொருள் உண்டா இல்லையா என்பதனை வேறொரு சோதனையால்தான் அறிய வேண்டும். அச்சோதனையைப் பகவனே நமக்குக் காட்டியுள்ளார்.

மஜ்ஜிம நிகாயத்து அரணவிபங்க சுத்தத்தில், உண்கலம் ஒன்றினை ஒரு நாட்டார் 'பாதி' என்பர், ஒரு நாட்டார் 'பத்தம்' என்பர், ஒரு நாட்டார் 'சராவம்' என்பர் என்று பகவன் எடுத்துக்காட்டுகின்றார். எம்மொழிச் சொல்லே மெய், ஏனையவை பொய் என்று பற்றிக்கொண்டு பூசலிடற்க; மக்கள் வழங்கும் வழக்கை மீறவும் வேண்டா; அந்தந்த நாட்டில் அவரவர் வழங்குமாறே பற்றின்றி வழங்குக என்பது அதன் கருத்து. பாதி என்பது தமிழர்க்கு அரை, அவர்கட்குக் கலம். ஆயினும் அப்பெயர்கள் அனைத்தையும் நீக்கிய பின்னும் கலம் இருக்கின்றது. அதில் சோறு நிற்கின்றது.

வாசெட்ட சுத்தத்தில் இதற்கு மறுதலையான செய்தி வருகின்றது. இச்சானங்கலத்தில் பகவன் தங்கியிருந்தபோது, வாசெட்டர், பாரத்துவாசர் என்னும் பார்ப்பன இளைஞர் இருவர், ஒருவன் பார்ப்பனனாவது பிறப்பாலா செயலாலா என்று வாதிட்டு அவரை அணுகினர். பகவன் கையாண்டதும் இந்த ஜாதி என்னும் சொல்லையே. புல்லும் மரமும், பூச்சியும் எறும்பும், நாற்கால் விலங்கும் பாம்பும் மீனும் பறவையும் வேறுவேறு ஜாதி. அவற்றின் உடம்பிலேயே அதற்கான அடையாளம் உண்டு. மனிதரிடத்தில் அப்படியோர் அடையாளம் உண்டோ என்று அவர் தலைமுடி தொடங்கி, கண், காது, வாய், மூக்கு, கை, கால், நிறம், குரல் என ஒவ்வோர் உறுப்பாகத் தேடிக் காட்டுகின்றார். எங்கும் கிடைத்திலது. மனிதரிடையே வேற்றுமை பெயர்வழக்கால் சொல்லப்படுவதேயன்றி உடம்பில் உள்ளதன்று என்று முடிக்கின்றார். நிலத்தை உழுவோன் உழவன், கைத்தொழில் செய்வோன் தொழிலாளி, வாங்கி விற்போன் வணிகன். இவை செயலால் வந்த பெயர்கள், செயல் நின்றால் பெயரும் நிற்கும்.

இதுவே சோதனை. கலத்தின் பெயரை நீக்கினால் கலம் எஞ்சுகின்றது. திராட்சையின் வகைப்பெயரை நீக்கினாலும் இலையும் கனியும் சுவையும் அதன் வகையைக் காட்டும். மனிதனின் சாதிப்பெயரை நீக்கினால் மனிதன் மட்டுமே எஞ்சுகின்றான். அவனைப் பார்த்து அவன் சாதியை அறிய ஒருவராலும் இயலாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். அதனாலன்றோ புதிய ஊருக்குக் குடிபோகும் நம்மவரிடம் வீட்டுக்காரர் சுற்றி வளைத்துக் கேள்வி கேட்கின்றனர்!

எனினும், வெறும் பெயர்தானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. பெயர்வழக்கால் ஆனதற்கும் பெரும் வலிமை உண்டு. பணத்தாள் என்பது யாது? மக்களின் உடன்பாட்டால் மதிப்புப் பெற்ற காகிதம். அது இல்லாமையால் ஏழை பட்டினி கிடக்கின்றான், பட்டினி மெய்யே. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவில் 500 ரூபாய்த் தாளும் 1000 ரூபாய்த் தாளும் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, தாளில் ஒரு புள்ளியும் மாறவில்லை. மதிப்பு மட்டும் நீங்கிற்று. உடன்பாட்டால் வந்தது உடன்பாடு நீங்கினால் போகும். ஆனால் தனியொருவன் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு செல்லாது என்று சொன்னால் அது நீங்காது. பலரும் சேர்ந்து மறுக்க வேண்டும். 1936ஆம் ஆண்டில் லாகூர் மாநாட்டுக்கென எழுதப்பட்டு, அமைப்பாளர் பின்வாங்கியதால் பேசப்படாமலே நூலாக வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி மனத்தில் குடிகொண்ட கருத்து என்று பாபாசாகேப் அம்பேத்கர் விளக்கி, அக்கருத்துக்கு அரண் செய்யும் நூல்களின் அதிகாரத்தையே எதிர்க்க வேண்டுமென்று வற்புறுத்தியதும் இதனாலேயே. நாம் சங்கமாகக் கூடுவதன் பயனும் இதுவே.

அம்மையாரின் கேள்வி

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். முதல் வாய்மையை விளக்குமிடத்து ஜாதி துக்கம் என்று பகவன் மொழிந்தது பிறப்பைக் குறித்ததே. அதனோடு சேர்த்து மூப்பும் நோயும் சாவும் சொல்லப்படுதலே அதற்குச் சான்று. பன்னிரு சார்புகளுள்ளும், ஜாதியைச் சார்ந்து மூப்பும் மரணமும் தோன்றுகின்றன என்று வருவதும் அப்பொருளிலேயே. ஆதலின் மாணவர் சொன்ன சொற்பொருள் சரி.

அதனை மறைத்து, சாதிக் கொடுமையையே பகவன் அவ்விடத்தில் சொன்னார் என்று கூட்டத்தில் முழங்கினால் என்ன குறை? கைதட்டல் கிடைக்கும், நோக்கமும் நல்லதே என்பர் சிலர். நாம் அதனை ஏற்கவில்லை. முதலாவது, வாய்மை சுருங்கிவிடும். பிறப்பும் மூப்பும் சாவும் அரசனுக்கும் உண்டு, தோட்டிக்கும் உண்டு. அதனாலேயே அது எல்லா உயிர்க்குமான வாய்மை. சாதியே அங்குச் சொல்லப்பட்ட துக்கமெனில், சாதியால் சுகமடைவோனுக்கு முதல் வாய்மையே இல்லையென்று ஆகும். இரண்டாவது, பொய்யுரை தவிர்ப்பேன் என்னும் நான்காம் சீலத்தில், நல்ல நோக்கமிருந்தால் பொய்யுரைக்கலாம் என்னும் விலக்கு இல்லை.

அங்குலிமாலரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். மகப்பேற்று வேதனையில் துடித்த பெண்ணொருத்தியைக் கண்டு இரங்கி வந்த அவரிடம், பிறந்தது முதல் நான் அறிந்து எவ்வுயிரையும் கொன்றதில்லை, இவ்வுண்மையால் நீ நலம் பெறுக என்று கூறுமாறு பகவன் பணித்தார். பல உயிர்களைக் கொன்றிருந்த அங்குலிமாலர், அது அறிந்தே சொல்லும் பொய்யாகுமே என்றார். உடனே பகவன் சொல்லைத் திருத்தித் தந்தார். ஆரியப் பிறப்பில் பிறந்தது முதல் என்று கூறச் சொன்னார். ஆரியம் என்பது இங்கே நெறியின் மேன்மையைக் குறித்தது, குலத்தையன்று. தாயும் சேயும் உயிர் பிழைக்க வேண்டிய நேரத்திலும் பொய் இடம் பெறவில்லை. மெய்யான சொல் கிடைக்கும் வரை தேடப்பட்டது.

அங்ஙனமாயின் அம்மையார் கண்டது பிழையா? சொற்பொருளில் பிழை; உட்பொருளில் அவர் மாணவரினும் ஆழமாகக் கண்டிருக்கிறார். அகராதியோடு நின்றவர், ஜாதி என்றால் பிறப்பு என்றார். அதற்கு அடுத்த படியைக் கேட்டிலர். சாதி என்று இன்று வழங்குவதன் உள்ளே பிறப்பைத் தவிர வேறு ஏதேனும் உண்டோ? கல்வியால் வருவதா, ஒழுக்கத்தால் வருவதா, ஈகையால் வருவதா? ஒன்றாலும் இல்லை, பிறந்தமையால் மட்டுமே வருவதென்று அதனைப் போற்றுவோரே கூறுகின்றனர். சொல்லும் அதனையே காட்டிக்கொடுக்கின்றது. சாதிப் பெருமை பேசுவோன், நான் பிறந்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிறக்காதவர் எவர்? மூப்புக்கும் சாவுக்கும் வாயிலாகிய பிறப்பையே பெருமைக்கு வாயிலாக்கிக்கொண்ட பேதைமைதான் சாதி. அப்பேதைமை துக்கத்தை விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே அம்மையாரின் முடிவை ஒலியின் ஒற்றுமையால் நிறுவாமல், காரண காரியத்தால் நிறுவுதல் வேண்டும். அவ்வாறு நிறுவினால் எந்தப் புலவராலும் அதனை அசைக்கவொண்ணாது.

நம் உபதேசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்மையை விளக்குங்கால் பிறப்பு என்றே சொல்லுங்கள். ஊரார் இழைக்கும் கொடுமையைச் சொல்லுங்கால் சாதி என்று சொல்லுங்கள். பாளியில் ஓதியதை உடனே தமிழில் பொருள் கூறுங்கள்.

படிவத்தில் எழுதும் சாதி

இளைஞர் கேட்கும் கேள்வி இன்னொன்று உண்டு. "சாதியை விட்டோம் என்று சரணம் புகுந்தோம், சான்றிதழில் மட்டும் சாதிப்பெயரை எழுதுகிறோமே, இது பொய்யன்றோ?" என்கின்றனர். 1950ஆம் ஆண்டின் ஆணையில் இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியராகக் கொள்ளப்பட்டனர். 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். அதுமுதல் சமயம் பௌத்தம் என்றும் சாதி இன்னதென்றும் ஒரே தாளில் எழுதும் நிலை நமக்கு உளதாயிற்று.

இங்கும் சொல் ஒன்றே, பொருள் வேறு. மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் நோயின் பெயர் நோயாளியின் பெயராகாது. இன்ன தீங்கு இவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக இழைக்கப்பட்டது, அதற்கு ஈடு செய்யப்பட வேண்டும் என்பதே அப்படிவத்தில் சாதி என்னும் சொல்லின் பொருள். அதில் பொய்யில்லை, நாணமும் வேண்டா.

ஆனால் அதே சொல் வேறோரிடத்தில் நம் வாயினின்றே வருகின்றதே, அதற்கு என்ன விடை? பெண் பார்க்கச் செல்கின்றோம். முற்றத்தில் புத்தர் படம். சுவரில் பாபாசாகேப் படம். மும்முறை சரணம் சொல்லி அமர்கின்றோம். பின்னர்த் தாழ்ந்த குரலில், "பௌத்தர்தாம், தெரியும், ஆனால் எந்தப் பிரிவு?" என்று கேட்கின்றோம். இங்கே அச்சொல்லுக்கு ஈடு கோரும் பொருள் இல்லை. நமக்குக் கீழே எவரேனும் உளரா என்று தேடும் பொருளே உண்டு. ஊரார் நம்மை அளந்த அதே கோலை நாம் கையில் எடுக்கின்றோம். சேதனையையே கம்மம் என்கிறேன் என்றார் பகவன். நாவில் வரும் ஒலி எதுவாயினும், நெஞ்சில் உள்ள எண்ணமே வினையாகின்றது. படிவத்தில் எழுதிய சாதி நம்மைக் கறைப்படுத்தாது. திருமணப் பேச்சில் கேட்ட பிரிவு நம் சரணத்தையே கறைப்படுத்தும்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளுள், இன்று எனக்குப் புதுப்பிறப்பு என்னும் கருத்துடைய உறுதிமொழி ஒன்றுண்டு. புதுப்பிறப்பு என்பதனைப் பாளியில் சொன்னால் அதுவும் ஜாதியே. அங்குலிமாலருக்கு வாய்த்த பிறப்பு போன்றதே அது. தாய் வயிற்றில் நிகழாது, தெளிந்த உள்ளத்தில் நிகழ்வது. அப்பிறப்புக்குப் பிரிவும் உட்பிரிவும் கிடையா. கங்கை முதலிய பேராறுகள் கடலை அடைந்தபின் தம் பழம்பெயரை இழப்பதுபோல, நால்வருணத்தாரும் சங்கம் புகுந்தபின் தம் பழைய பெயரும் கோத்திரமும் இழப்பர் என்று பகவன் உவமை கூறினார். கடலில் நின்றுகொண்டு, இது எந்த ஆற்று நீர் என்று ஒரு குடம் மொண்டு கேட்பது அறிவுடைமையாகாது.

சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கு. வழக்கை ஆக்குவோர் மக்கள். நம் பிள்ளைகள் நம் வீட்டில் எந்தப் பொருளில் ஒரு சொல்லைக் கேட்டு வளர்கின்றனரோ, அப்பொருளே அவர்களுக்கு அச்சொல்லின் பொருளாகும். அடுத்த முறை நம் வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும்போது, பிரிவைக் கேட்கும் வினா நம் நாவின் நுனிக்கு வருமாயின், அதனைக் கேளாது விடுவோமாக. அதற்கு மாறாக, பஞ்சசீலம் காக்கும் பிள்ளையா, குடிப்பழக்கம் இல்லாதவனா, பெண்ணை மதிப்பவனா என்று வினவுவோமாக.